திரும்பிப் பார்க்காமல் நீட்டிய கை: தொடர் ஓட்டம் பற்றி ஓர் இழை

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 4, 2026

நான் ஐந்து ஆண்டுகளாக மெரினாவில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறேன். இப்போது அலுவலகத்தில் தொடர் ஓட்ட அணியில் சேரச் சொல்கிறார்கள். நான்கு பேர் தனித்தனியாக ஓடும் நேரத்தைக் கூட்டினால் வருவதுதானே தொடர் ஓட்டம்? நம் மேல் தவறே இல்லாமல் தோற்பதற்கு ஒரு வழி என்பதைத் தவிர அதில் கூடுதலாக என்ன இருக்கிறது?

என் பதில், ஜனவரி 4, இரவு

கூட்டல் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் நெஸ்டா கார்ட்டர், மைக்கேல் ஃபிரேட்டர், யோஹான் பிளேக், உசைன் போல்ட் ஆகிய நால்வரும் 4×100 மீட்டரை 36.84 வினாடியில் ஓடினார்கள். அந்த உலகச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அதை நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 9.21 வினாடி வருகிறது. தனி 100 மீட்டரில் போல்ட்டின் உலகச் சாதனையே 9.58தான். அந்த நால்வரும் தங்கள் வாழ்நாளில் தனியாக ஓடிய மிகச் சிறந்த நேரங்கள் 9.78, 9.88, 9.69, 9.58, கூட்டினால் 38.93. இரண்டு வினாடிக்கும் மேலாக மிச்சமாகியிருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டு வினாடி என்பது ஏறக்குறைய இருபது மீட்டர்.

அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் எளிது. முதல் ஆள் மட்டுமே அசையாத நிலையிலிருந்து புறப்படுகிறார். மற்ற மூவருக்கும் பேட்டன் என்ற சிறு கோல் வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வருபவர் கையை முன்னே நீட்ட, முன்னால் போகிறவர் கையைப் பின்னே நீட்ட, அந்த இரண்டு கைகளின் நீளத்தையும் யாரும் கால் வைத்துக் கடப்பதில்லை. பேட்டன் மட்டும் கடக்கிறது. தனியாக ஓடும் எவருக்கும், அவர் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும், இந்த நேரம் கிடைக்காது.

ஜனவரி 6

முந்தாநாள் எழுதியதை மறுபடி படித்தேன். நேரம் மிச்சமாகும் விதத்தைச் சொல்லிவிட்டேன், ஆனால் நீங்கள் கேட்டது அதில் கூடுதலாக இருப்பதைப் பற்றி; எனக்கு அது மகிழ்ச்சி. அதற்கு என் கதையைச் சொல்லியாக வேண்டும், அது தோல்வியில்தான் தொடங்குகிறது.

1995ஆம் ஆண்டு நான் வடசென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தேன். அந்த ஆண்டு டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நம் நேரு விளையாட்டரங்கில் நடக்கவிருந்ததால், ஓட்டம் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. எங்கள் பி.டி. சார் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, செம்மண் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மாலை ஐந்து மணி முதல் இருட்டும் வரை கோல் மாற்றக் கற்றுக்கொடுத்தார். நான் மூன்றாவது ஆள். மண்டல அளவிலான இறுதிப் போட்டியில் நாங்கள் முன்னிலையில் இருந்தோம். இரண்டாவதாக ஓடிய என் தோழி என்னை எட்டுவதற்குள் கோலைக் கை மாற்றியாக வேண்டிய 20 மீட்டர் மாற்று எல்லையை நான் தாண்டிவிட்டேன். கோல் எல்லைக்கு வெளியே கை மாறியது, சிவப்புக் கொடி உயர்ந்தது, எங்கள் அணி தகுதி இழந்தது.

அவள் கடைசிப் பத்து மீட்டரில் தளர்ந்துவிட்டாள் என்று நான் சொன்னேன். பி.டி. சார் ஒன்றும் சொல்லவில்லை. திருவொற்றியூருக்குப் போகும் பேருந்தில் நாங்கள் இருவரும் தனித்தனி இருக்கைகளில் உட்கார்ந்தோம்.

நம் தவறில்லாமல் தோற்பது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வந்தது. உங்களை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன்.

ஜனவரி 7

ஒரு திருத்தம். மாற்று எல்லை 20 மீட்டர் என்று எழுதியது என் பள்ளிக் காலத்து விதி. அப்போது அந்த எல்லைக்கு முன்னால் வேகம் பிடிப்பதற்கென்று தனியாக 10 மீட்டர் இருந்தது. அதற்குள் ஓடத் தொடங்கலாம், ஆனால் பேட்டன் வாங்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் விதியை மாற்றி இரண்டையும் சேர்த்து 30 மீட்டர் மாற்று எல்லையாக ஆக்கினார்கள். 4×400 ஓட்டத்தில் இன்றும் 20 மீட்டர்தான். எல்லைக்குள் இருக்க வேண்டியது பேட்டன். ஓடுபவரின் காலோ உடலோ எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று காலை பயிற்சி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன், உள்ளங்கை இன்னும் சிவந்திருக்கிறது.

முப்பது ஆண்டுகள் நான் தனியாகத்தான் ஓடினேன். சென்ற ஆண்டு, மெரினாவில் ஒரே நேரத்தில் ஓடி ஓடி முகம் பழகிய நான்கு பெண்கள் சேர்ந்து, மூத்தோர் தடகளப் போட்டியில் 4×100 ஓடுவது என்று முடிவு செய்தோம். முதல் ஆள் தையல் கடை வைத்திருக்கிறார். இரண்டாம் ஆள் கணித ஆசிரியை, வயது ஐம்பத்தொன்று, அவரை நாங்கள் மூவரும் டீச்சர் என்றுதான் அழைக்கிறோம். மூன்றாவது நான், வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். நான்காவது பெண் செவிலியர். எங்களில் இளையவர், இரவுப் பணி முடிந்து நேராகப் பயிற்சிக்கு வருவார். அவர் எங்கள் எல்லோரையும் அக்கா என்பார், டீச்சரைத் தவிர.

பேட்டன் 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும், 38 முதல் 42 மில்லிமீட்டர் விட்டமும், குறைந்தது 50 கிராம் எடையும் இருக்க வேண்டும் என்பது விதி. வால்டாக்ஸ் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் 40 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் வாங்கி, 30 சென்டிமீட்டருக்கு வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்தோம். நாற்பது மில்லிமீட்டர் விட்டம் விதிக்குச் சரியாக நடுவில் வருகிறது என்று டீச்சர் கடையிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு குழாயில் ஆறு பேட்டன் கிடைத்தது.

வாங்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்த மகிழ்ச்சி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நான் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் பாதம் வைத்து அளந்து, 14 பாதத்தில் தரையில் ஓர் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டுகிறோம். டீச்சர் ஓடி வருவதை நான் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருடைய கால் அந்த நாடாவைத் தொட்ட நொடியில் நான் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டு முழு வேகத்தில் புறப்பட வேண்டும். அதன் பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. "கை" என்று அவர் குரல் கேட்டதும் வலது கையைப் பின்னால் நீட்டுவேன், உள்ளங்கையில் குழாய் வந்து விழும். முதல் ஆளும் மூன்றாவது ஆளும் வளைவில் ஓடுவதால் வலது கையில் பிடித்துக்கொண்டு தடத்தின் உள்கோட்டை ஒட்டி ஓடுவார்கள். இரண்டாவது ஆளும் நான்காவது ஆளும் இடது கையில். பேட்டனைக் கை மாற்றிப் பிடிப்பதற்கு வேலையே இல்லை.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு வாரம் பேசினோம். பெயரைச் சொன்னால் நீளம். "இந்தா" என்று செவிலியர் சொல்லிப் பார்த்தார்; கடற்காற்றில் பாதி காணாமல் போனது. "கை" என்ற ஒற்றை எழுத்து காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

ஓடத் தொடங்குவதற்கும் அந்தக் குரல் கேட்பதற்கும் இடையே இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். முன்னால் வெறும் தடம், பின்னால் யார் வருகிறார் என்று காதுக்கு மட்டுமே தெரியும், ஆனாலும் நான் என்னிடம் உள்ள வேகம் முழுவதையும் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு வினாடிக்காகத்தான் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். தனியாக ஓடிய முப்பது ஆண்டுகளில் அதற்கு இணையான ஒன்றை நான் உணர்ந்ததில்லை.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

விடுமுறை என்பதால் ஒரு சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் ஒருவருக்குக் கடன் கொடுக்க வேண்டுமென்றால் சம்பளச் சான்று, ஜாமீன்தாரர், சொத்துப் பத்திரம், இருபது கையெழுத்து எல்லாம் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டில் ஐந்நூறு ரூபாய் வாங்குவதற்குப் பெயர் கைமாற்று. எழுத்து இல்லை, வட்டி இல்லை, முகம்தான் பத்திரம். பேட்டனைக் கொடுப்பதையும் நாங்கள் கைமாற்றுவது என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

இலங்கைத் தமிழர்கள் இந்த ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்பார்கள். அது இன்னும் அழகான சொல். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அஞ்சல் என்றே ஒரு தபால் அமைப்பு இருந்தது. மணி கட்டிய கோலைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சல் ஓட்டக்காரர்கள் தபால் பையைச் சுமந்து ஓடினார்கள். மணிச் சத்தம் கேட்டால் மக்கள் வழிவிடுவார்கள். அங்கேயும் கையில் ஒரு கோல் இருந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஜனவரி 19

வேறொருவர், "என்னதான் சொன்னாலும் நான்கு வேகமான ஆட்கள் இருக்கும் அணிதான் வெல்லும்" என்று எழுதியிருக்கிறார். வேகம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் வேகம் மட்டும் போதுமென்றால் அமெரிக்காவின் ஆண்கள் அணி இவ்வளவு ஆண்டுகள் தவித்திருக்காது. 2008 பெய்ஜிங்கில் அவர்கள் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தகுதிச் சுற்றிலேயே பேட்டனைத் தவறவிட்டன. 2016 ரியோவில் ஆண்கள் அணி மாற்றத்தில் தவறு செய்து தகுதி இழந்தது. 2024 பாரிசில் முதல் மாற்றமே சிதறி மறுபடியும் தகுதி இழந்தது.

அதே ரியோ இறுதியில் ஜப்பான் 37.60 வினாடியில் ஓடி வெள்ளி வென்றது. அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரைப் பத்து வினாடிக்குள் ஓடியதில்லை. அவர்கள் பேட்டனைக் கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். வாங்குபவர் கையை அதிகம் உயர்த்த வேண்டியதில்லை, ஆகவே ஓட்டத்தின் ஒழுங்கு கெடுவதில்லை. அதில் கைகளுக்கு இடையிலான தூரம் குறையும் என்பது அதன் இழப்பு. நாங்கள் இரண்டையும் முயன்றோம். டீச்சருக்குத் தோள் வலி இருப்பதால் கீழிருந்து கொடுப்பதே அவருக்கு எளிது, ஆனால் எனக்குக் குழாயின் நுனி மட்டுமே கிடைக்கிறது. கடைசியில் கையை நேராக முன்னே தள்ளிக் கொடுக்கும் முறைக்கு வந்து சேர்ந்தோம்.

அமெரிக்கா என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ரியோவில் அவர்களுடைய பெண்கள் அணியின் தகுதி ஓட்டத்தில், பிரேசில் வீராங்கனை இடித்ததால் அலிசன் ஃபீலிக்சின் கையிலிருந்து பேட்டன் விழுந்தது. முறையீட்டுக்குப் பிறகு அந்த நால்வருக்கும் மறுபடி ஓட அனுமதி கிடைத்தது. எதிரே யாருமில்லாத காலித் தடத்தில், ஒரே ஓர் அணியாக ஓடி, அந்த நேரத்தால் இறுதிக்குத் தகுதி பெற்றார்கள். இறுதியில் யாரும் விரும்பாத முதலாம் தடம் கிடைத்தது. அந்த அணி தங்கம் வென்றது. காலித் தடத்தில் நான்கு பேர் தங்களுக்குள் மட்டும் கைமாற்றிக்கொண்டு ஓடிய அந்த ஓட்டத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

ஜனவரி 20

வியர்வைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: கையுறை அணியக் கூடாது, பிடிப்புக்காகக் கையில் எதையும் பூசவும் கூடாது. சென்னைக் காற்றில் பத்து நிமிடத்தில் குழாய் நனைந்துவிடும். ஒவ்வொரு முறையும் சட்டையில் துடைக்கிறோம்.

ஜனவரி 27

திரும்பிப் பார்க்காமல் வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று 11ஆம் தேதி எழுதினேன். அது 4×100க்கு மட்டுமே பொருந்தும். 4×400இல் வாங்குபவர் திரும்பிப் பார்த்துத்தான் வாங்குவார், ஏனென்றால் வருபவர் 400 மீட்டரின் கடைசியில் கால் இழுத்துக்கொண்டு எந்த வேகத்தில் வருவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அங்கே நம்பிக்கையைக் காட்டிலும் கவனம்தான் வேலை செய்கிறது. முகம் வெளிறி வரும் ஒருவரைப் பார்த்து, அவருக்கு எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று கணித்து, அவருக்காகக் கொஞ்சம் மெதுவாகவோ வேகமாகவோ நகர்வது. அதுவும் ஒரு மகிழ்ச்சிதான் என்பதை நான் முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

நம் நாட்டின் பெருமையும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. 2023 புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியின் தகுதிச் சுற்றில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்தார்கள். அன்றைக்கு அது ஆசியச் சாதனை. கடைசியாக ஓடிய ராஜேஷ் நம் தமிழ்நாட்டுக்காரர், ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர். நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 44.76 வினாடி. அப்போது 400 மீட்டரில் தேசியச் சாதனையே அனஸின் 45.21. சென்ற ஆகஸ்டில் நம் நேரு விளையாட்டரங்கிலேயே தமிழ்நாட்டின் விஷால் அதை 45.12 ஆக்கினார், அதுவும் 44.76க்கு மேல்தான். கூட்டல் கணக்குக்கு இன்னொரு மறுப்பு இது.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது வேறு ஓட்டம். 2024 மே மாதம் பஹாமாஸில் உலகத் தொடர் ஓட்டப் போட்டி, பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதி அங்கேதான். முதல் நாள் இரண்டாவது ஆளாக ஓடிய ராஜேஷ் தசைப்பிடிப்பால் பாதியிலேயே நின்றுவிட்டார், அணி ஓட்டத்தை முடிக்கவில்லை. மறுநாள் அவருக்குப் பதிலாக லால்குடியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் ஓடினார்; 3 நிமிடம் 3.23 வினாடியில் அணி தகுதி பெற்றது. முதல் நாள் நின்றவரின் இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்றும், மறுநாள் தன் இடத்தில் இன்னொருவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்றும் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 2

இதை எழுதுவதற்குத் தயங்கினேன். ராஜேஷைப் பற்றி எழுதிய பிறகு என் பள்ளித் தோழியின் எண்ணைத் தேடிப் பிடித்து நேற்று பேசினேன். கொளத்தூரில் இருக்கிறாள், மகனுக்குப் பதினேழு வயது. கொஞ்ச நேரம் குடும்பக் கதை பேசிவிட்டு, அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. தான் தளரவே இல்லை என்றும், சுண்ணாம்பு அடையாளத்துக்கு இன்னும் நான்கைந்து எட்டு இருக்கும்போதே நான் புறப்பட்டுவிட்டேன் என்றும், "கை" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோனது என்றும் அமைதியாகச் சொன்னாள். பி.டி. சார் அன்று மாலையே அவளைத் தனியாக அழைத்து, அவள் மேல் தவறில்லை என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லை என்றாள்.

ஆகவே ஜனவரி 6 குறிப்பில் நான் எழுதியது தவறு. நாங்கள் முன்னிலையில் இருந்தோம், பக்கத்துத் தடத்தில் இருந்த பெண் அசைந்ததும் நானும் அசைந்துவிட்டேன். இப்போது அந்த அசைவு எனக்கு நினைவில் தெளிவாக இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அதை நினைக்காமல் இருந்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எட்டாம் தேதி எங்கள் போட்டி என்றும் சொன்னேன்.

பிப்ரவரி 8, இரவு

ஆறு அணிகளில் நான்காவதாக வந்தோம். நேரம் 1 நிமிடம் 7 வினாடி.

என் தடத்தில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. முதல் மாற்றம் நடந்ததை எதிர்முனையிலிருந்து பார்த்தேன்: தையல்காரர் கொடுத்தார், டீச்சர் வாங்கினார், இருவருக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. பிறகு டீச்சர் நேர்த்தடத்தில் என்னை நோக்கி வரத் தொடங்கினார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. இடப்பக்கத்தில் ஒரு பெண் புறப்பட்டார், வலப்பக்கத்திலும் ஒருவர் புறப்பட்டார். நான் நாடாவை மட்டும் பார்த்தேன். பாதம் நாடாவில் விழுந்தது, திரும்பினேன், ஓடினேன். "கை" என்றார். நீட்டினேன், குழாய்க்குப் பதில் இன்று உண்மையான அலுமினியப் பேட்டன், சில்லென்று உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. வளைவு முடியும் இடத்தில் செவிலியர் எனக்கு முன்னால் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தார், அவருடைய இடது கை பின்னால் விரிந்திருந்தது. நான் கத்தினேன், வைத்தேன், அவ்வளவுதான், நின்றுவிட்டேன். அவர் ஓடிப் போவதை மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தேன். இறுதிக் கோட்டில் அவர் ஒருவரை முந்தியபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து டீச்சர் கத்தியது எனக்குக் கேட்டது.

தோழி வந்திருந்தாள், வேலிக்கு வெளியே, இரண்டாவது மாற்று எல்லைக்கு நேராக நின்றிருந்தாள். நான் போனதும் முதலில் சொன்னது, டீச்சர் மாற்றத்தின்போது உன் முதுகில் மோதாத குறையாக வந்துவிட்டார், நீ நாடாவில் கால் பட்ட பிறகும் ஒரு கணம் உறுதி செய்துகொண்டு புறப்பட்டாய் என்பதுதான். அவள் சொன்னது சரி. டீச்சரும் கடைசியில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 9

இன்று காலை அளந்து மாற்றிவிட்டோம். எனக்கும் டீச்சருக்கும் இடையிலான அடையாளம் இனி 14 பாதம் அல்ல, 16.